பின்வாசலுக்கு வந்த நிலம்

சர்வேயர் அளக்க வந்த புதன்கிழமை காலையில், கிழவரின் நிலம் இருந்த இடத்தில் இல்லை. கிணறு, வாய்க்கால், வெங்காயப் பாத்தி, எலுமிச்சை மரம், அதன் நிழலில் கிழவரைப் புதைத்திருந்த மேடு, எல்லாமே போயிருந்தன. கீழ்ப்பக்கத்துக்காரரின் வேலியும் மேல்பக்கத்துக்காரரின் வேலியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. அதுவரை முகம் பார்த்துப் பேசியே இராத அந்த இரண்டு பேரும் மத்தியானத்துக்குள் எல்லைத் தகராறு தொடங்கிவிட்டார்கள். சர்வேயர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு, "நிலம் வந்ததும் சொல்லி அனுப்புங்க" என்று கிளம்பினார். அது எங்கே போயிருக்கும் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளையெல்லாம் வேண்டாம். கிழவரின் மகன்கள் இருவருக்கும்தான் அது விளங்க ஒரு வாரம் ஆயிற்று.

அந்த நிலத்தில் பாடுபட்டவள் மகள். அண்ணன்கள் பட்டணத்தில் கடை வைத்திருந்தார்கள்; அறுவடைக்கு மட்டும் வெள்ளைச் சட்டையோடு வந்து மூட்டை ஏற்றிக்கொண்டு போவார்கள். கிணற்றில் தூர் வாரியது அவள். வெட்டுக்கிளி வந்த வருஷம் தகரத்தைத் தட்டிக் கத்திக் கத்தித் தொண்டை கட்டி நின்றது அவள். கிழவர் படுக்கையில் விழுந்த பிறகு வாயைத் துடைத்துவிட்டதும் அவள்தான். ஆனால் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கிழவர், "எல்லாம் என் பசங்களோட உழைப்பு" என்பார். அதைக் காதில் வாங்கிக்கொண்டே அவள் தண்ணீர் பாய்ச்சுவாள். என்ன அநியாயம் இது!

கடைசிக் காலத்தில் அண்ணன்கள் ஒரு பத்திரத்தோடு வந்தார்கள். கிழவருக்குக் கை நடுங்கியது. "கொஞ்சம் பிடிச்சுக்கோம்மா" என்றார். அவளுக்குப் படிக்கத் தெரியும். பெற்ற அப்பனிடம் போய் இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதா என்று கூசி, படிக்காமலே கையைப் பிடித்துக்கொண்டாள். தன்னை வெளியே அனுப்பும் கையெழுத்தை இப்படித் தானே போட்டுக்கொடுத்தாள். கிழவர் போனதும் மூத்தவன், "ஒண்டிக்கட்டைக்கு எதுக்கு நிலம்? செங்கல் சூளைக்காரர்கிட்ட பேசி முடிச்சாச்சு" என்றான். தையல்காரர்கள் தெருவில் ஒற்றை அறை பார்த்து அவளைக் குடிவைத்தார்கள். வாசல்படிவரை வந்தவர்கள் உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அந்த அறையின் பின்கதவைத் திறந்தால் ஒரு துவைகல்லும் மதிலும்தான் தெரியும். அந்தப் புதன்கிழமை திறந்தபோது நிலம் இருந்தது, ஒரு செடி வாடாமல். தெருவிலிருந்து பார்த்தவர்களுக்கு அதே பழைய மதில்தான். அவள் கட்டிலுக்கடியில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

அண்ணன்கள் வந்து குதித்தார்கள். "திருட்டுத்தனமா தூக்கிட்டு வந்துட்டியா?"

"ஆமா, இடுப்புல வச்சுத் தூக்கிட்டு வந்தேன். முடிஞ்சா நீங்களும் தூக்கிட்டுப் போங்க" என்றாள். அவர்கள் பின்கதவைத் தாண்டிக் காலை வைத்தார்கள். வைத்த கால் தெருவில், தையல்காரர் கடை முன்னால் இருந்தது. சாயங்காலம்வரை நுழைவதும் தெருவில் வந்து விழுவதுமாக இருந்தார்கள். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். சூளைக்காரர் வேறு நிலம் பார்த்துக்கொண்டார்.

இத்தோடு அவள் மனசு ஆறியிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எங்கே ஆறுவது? நிலத்தோடு அந்த மேடும் வந்திருந்ததே! தினமும் தண்ணீர் திறக்கும் முன் அதன் எதிரே நின்று, "இப்ப வந்து என்னப்பா பண்ண? வாய் இருந்தப்ப, இது என் பொண்ணு பாடுபட்டதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்பாள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மேடு எலுமிச்சை மரத்தை விட்டு ஒரு பாத்தி தள்ளி வந்திருக்கும், ஒரு வெங்காயத் தாளைக்கூட மிதிக்காமல்.

வருஷங்கள் போயின. இப்போது அந்த மேடு, மகன்கள் தங்கள் பெயரை மட்டும் பொறித்து நட்ட தலைமாட்டுக் கல்லோடு, பின்வாசல் படியை ஒட்டி இருக்கிறது. வெங்காயம் வாங்க வரும் தையல்காரர், "பாவம், உள்ள கூப்பிட்டுடேம்மா" என்று சொல்லிப் பார்த்தார்.

"நிக்கட்டும்" என்றாள்.

காலையில் அந்தக் கல்லில்தான் அரிவாளைத் தீட்டுகிறாள். மூத்தவன் பெயர் முழுக்கத் தேய்ந்துவிட்டது, இளையவனுடையது பாதி இருக்கிறது. தீட்டி முடித்ததும் மேட்டைத் தாண்டி வேலைக்குப் போகிறாள்.