முனீர் சொல்ல வந்த வார்த்தை

முனீருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றபோது, கமர்ஜஹான் மற்ற எல்லாவற்றையும்விட அவருடைய அடுப்படிப் பேச்சுக்காகத்தான் ஏங்கினாள்.

முனீர் திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். சாயங்காலம் பள்ளி விட்டு பேகம்பூர் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அடுப்படிக்குள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். கமர்ஜஹான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள். அவர் ஏதாவது ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்து அதன் பூர்வீகத்தைச் சொல்ல ஆரம்பிப்பார். த்ரில் என்ற சொல்லுக்கு ஆதியில் துளைப்பது என்றுதான் பொருளாம். மூக்குத் துவாரத்துக்கான நாஸ்ட்ரில் என்ற ஆங்கிலச் சொல்லின் வாலிலும் அதே சொல்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். உள்ளே துளைத்துக்கொண்டு போனது, பிற்பாடு உடம்புச் சிலிர்ப்பாக மாறிவிட்டதாம். அவள் பாதியைக் கேட்பாள், பாதியைக் கேட்க மாட்டாள். அந்த உப்பை எடுங்க என்பாள். அவர் உப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

இப்போது அந்த ஸ்டூல் காலியாக இருந்தது. அவர் முன்னறைக் கட்டிலில் இருந்தார். வலது கையும் காலும் விளங்கவில்லை. பிறர் பேசுவது புரிந்தது, பதில்தான் வரவில்லை. வாய் திறந்தால் ஒரு முனகல் வரும். அதைக் கேட்டு அவருக்கே கோபம் வந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறி வந்து பேச்சுப் பயிற்சி கொடுத்த ஆனந்தி, படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னாள். ஆப்பிள், பூனை, குடை. நாற்பது பிள்ளைகளை அடக்கி உட்கார வைத்த மனிதர் பூனைப் படத்தைப் பார்க்க மறுத்தார்.

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல் கண்டது. ஆட்டோவில் வைத்துப் பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் வெப்பம் பார்த்துவிட்டு, ஷிவரிங் இருந்ததா என்று கேட்டார். கண் மூடிக் கிடந்த முனீர் சட்டென்று விழித்தார். இடது கை மேலே எழும்பியது. கமர்ஜஹானைப் பார்த்து உதட்டை அசைத்தார். தாகம் என்று நினைத்து நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் தம்ளரைத் தள்ளிவிட்டார்.

கமர்ஜஹானுக்கு மட்டும் புரிந்தது. அந்த முகம் அவளுக்குத் தெரியும். ஒரு சொல்லின் கதையைத் தொடங்குவதற்கு முன்னால் அவரிடம் வரும் முகம் அது.

அந்தக் கதையை அவர் ஏற்கெனவே அவளிடம் சொல்லியிருந்தார். கல்யாணமான புதிதில் இருவரும் கொடைக்கானலுக்குப் போனார்கள். பஸ் மலையேற ஏறக் குளிர் தாங்காமல் அவள் நடுங்கினாள். அவர் தன் துண்டை அவளுக்குப் போர்த்திவிட்டு, இந்த நடுக்கத்துக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை இருக்கிறது என்று ஆரம்பித்தார். அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். விழித்தபோது ஏரி வந்திருந்தது. என்ன சொன்னீர்கள் என்று அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. இப்போது அதைக் கேட்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

காய்ச்சல் விட்டதும் ஒரு தூக்குச்சட்டியில் இடியாப்பம் எடுத்துக்கொண்டு நாகல் நகருக்குப் போனாள். அங்கே முனீரோடு வேலை பார்த்த ரொனால்டு சார் இருந்தார். ஷிவர் என்ற வார்த்தைக்கு என்ன கதை என்று கேட்டாள்.

"எங்கிட்ட அவன் இதெல்லாம் பேசினதே இல்ல தங்கச்சி," என்றார் ரொனால்டு. "ஸ்டாஃப் ரூம்ல வாயத் திறக்க மாட்டான். எல்லாத்தையும் உங்ககிட்ட பேசத்தான் சேத்து வச்சிருந்திருக்கான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ரொனால்டு அலமாரியிலிருந்து பெரிய அகராதியை இறக்கிப் பொறுமையாகப் படித்துச் சொன்னார். ஷிவர் என்பது ஒரே சொல் இல்லை, இரண்டு. ஒன்று, மரமோ கண்ணாடியோ உடையும்போது தெறிக்கும் துண்டு. மற்றது நடுக்கம். எழுத்து ஒன்று போல இருந்தாலும் இரண்டுக்கும் வம்சம் வேறு. நடுக்கத்தைக் குறிக்கும் சொல்லைப் பழங்காலத்தில் 'ச்சிவர்' என்பதுபோல, முதலில் அழுத்தமான 'ச்' வரச் சொன்னார்கள். அது எங்கிருந்து வந்ததென்று யாருக்கும் நிச்சயமில்லை. தாடையைக் குறிக்கும் ஒரு பழைய சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஒரு யூகம். குளிரில் முதலில் ஆடுவது தாடைதானே.

மினிபஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். வீடு வந்து சேர்வதற்குள் குழம்பிவிட்டது.

மத்தியானம் அவருக்குச் சோறு ஊட்டி வாய் துடைத்துவிட்டு, கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஷிவருக்குக் கதை கேட்டுட்டு வந்தேன். மரத்த வெட்டுறப்ப சிராய் தெறிக்கும்ல, அதுல இருந்துதான் நடுக்கம் வந்துச்சாம். நடுங்குறப்ப ஒடம்பு துண்டு துண்டாப் போற மாதிரி இருக்குல்ல, அதான்."

முனீர் தலையை ஆட்டினார்.

"இல்லையா?"

அவர் இடது கையை நீட்டி அவள் தாடையைப் பிடித்தார். பிறகு கையை எடுத்து, தன் பற்களைக் கடகடவென்று அடித்துக் காட்டினார். அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

"தாடை. பல்லு அடிச்சுக்குறது. அதானே?"

அவர் கண்ணை மூடித் திறந்தார். மக்குப் பிள்ளை கடைசியில் சரியாகச் சொல்லிவிட்டதில் வாத்தியாருக்கு வரும் நிம்மதி அந்த முகத்தில் இருந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப ரெண்டும் வேற வேற வார்த்தைதான். ஆனா நம்மகிட்டயும் அப்படி இருக்குங்களே. காத்து சில்லுனு அடிக்குதுங்குறோம். கண்ணாடி ஒடஞ்சா சில்லுங்குறோம்."

இது முனீருக்குத் தோன்றாதது. அவர் வாயின் ஒரு பக்கம் மட்டும் விரிந்தது. தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. சிரிக்கிறார் என்று புரிய அவளுக்குச் செத்த நேரம் பிடித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நடந்ததைக் கேட்ட ஆனந்தி, படங்களை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டாள். இனிமேல் இதையே செய்யுங்கள் என்றாள். அன்றிலிருந்து கமர்ஜஹான் தினமும் ஒரு வார்த்தையை ரொனால்டிடம் போனில் கேட்டுக்கொண்டு, வேண்டுமென்றே தப்பாக வந்து சொன்னாள். முனீர் தலையை ஆட்டினார், கையால் காட்டினார், கட்டிலைத் தட்டினார். மழைக்காலம் தொடங்கிய ஒரு நாள், அவள் ஏதோ ஒரு கதையைக் கண்டபடி உளறியபோது, "இல்ல," என்றார். தெளிவாக, முழுசாக.

அதற்குப் பிறகு வேறு சொல் வரவில்லை. மனைவியை அவர் எப்போதும் கமர் என்றுதான் கூப்பிடுவார். அந்த ஒரு வார்த்தை வருமா என்று அவள் ஆனந்தியை வாசல்வரை வந்து கேட்டாள். வரலாம், வராமலும் போகலாம், பொய் சொல்லி ஆசை காட்ட முடியாது என்றாள் ஆனந்தி. கமர்ஜஹான் அவள் பஸ்ஸுக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் அடுப்படியில் கறி வதக்கிக்கொண்டிருந்தாள். முன்னறையிலிருந்து குரல் வந்தது. "இல்ல." கொஞ்சம் நிறுத்தி, கடைசியை இழுத்து, மறுபடியும், "இல்ல." அவர் எதையும் மறுக்கவில்லை. மறுப்பதற்கு அங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை. அது அவளைக் கூப்பிடும் ராகம். இத்தனை வருஷமாக அதே ராகத்தில்தான் கமர் என்று கூப்பிட்டிருந்தார்.

"வாரேங்க," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பை அணைத்தாள்.