மேஜர் லுவாலின் எருது

பள்ளிக்கூடத்துக்கு எதிரே டீ விற்கிறவளுக்கு ஊர்ச் செய்தி தானாகவே வந்து சேரும். நான் தேடிப் போவதில்லை. கொஞ்சம் எட்டிப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

அப்படி எட்டிப் பார்த்ததில் நான் கண்டது இது. தென் சூடானில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, படைகள் பள்ளிகளை விட்டு முகாம்களுக்குப் போக வேண்டும் என்று விதி வந்தது. எங்கள் ஊர்ப் பள்ளியில் மேஜர் லுவாலின் சிப்பாய்கள், பெண்டாட்டி பிள்ளை, பானை, ஆடு, பாய் சகிதம் குடியிருந்தார்கள். அவர்கள் காலி செய்துவிட்டார்களா என்று பார்ப்பது கண்காணிப்புக் குழுவின் வேலை. அந்தக் குழு முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வரும். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட அவ்வளவு ஒழுங்காகச் சொல்லியனுப்புவதில்லை.

சேதி வந்ததும் மேஜரின் ஆட்கள் மூட்டை கட்டி ஆற்றுக்கு அக்கரை போவார்கள். வகுப்பறை பெருக்கப்படும். தலைமையாசிரியை அதியூவிடம் நாலு பிள்ளைகளைக் கேட்டு வாங்கி பெஞ்சில் உட்கார வைப்பார்கள். காலையில் ஹெலிகாப்டர் இறங்கும். அதிகாரிகள் அறைகளைப் பார்த்து, காலி என்று எழுதிக்கொண்டு மதியத்தோடு பறந்துவிடுவார்கள். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் பானைகள் திரும்பி அடுப்பில் ஏறியிருக்கும்.

அதியூ டீச்சர் ஒருமுறை குழுவிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். மேஜர் காலியான அறைகளைக் காட்டினார். அறிக்கையில் அறைதான் ஏறியது, டீச்சரின் வார்த்தை ஏறவில்லை.

இந்தத் தடவை விஷயம் முற்றிவிட்டது. பள்ளிக் கட்டடம் கையில் இல்லாத ஊரில் எட்டாம் வகுப்புப் பரீட்சை வைக்க மாட்டோம் என்று கல்வி அலுவலகம் சொல்லிவிட்டது. பரீட்சை வேறு ஊருக்குப் போனால் பையன்கள் எப்படியாவது போய்ச் சேருவார்கள். பெண்பிள்ளைகளை அவ்வளவு தூரம் யார் அனுப்புவது? அடுத்த மழைக்குள் பாதிப் பேருக்குக் கல்யாணம் பேசி, பெண்ணுக்குப் பரிசமாக மாடு கைமாறியிருக்கும். மாமரத்தடியில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த டீச்சருக்கு அது ஒன்றுதான் கவலை.

பாதை காய்ந்துவிட்டதால் குழு ஜீப்பில் வருகிறது என்ற செய்தியை அவரிடம் கொண்டுபோனவள் நான்தான்.

"ஹெலிகாப்டர் இல்லையா?" என்று கேட்டார் டீச்சர். "அப்ப மதியமே கிளம்பணும்னு அவசரம் இருக்காது."

"சாப்பாடு போட்டா சாயங்காலம் வரைக்கும் இருப்பாங்க. எந்தக் கர்னல் சாப்பாட்ட வேணாம்னு சொல்லியிருக்கான்?"

"சரி. காய்ஞ்ச சாணி வேணும். ஒரு மூட்டை."

"நான் கரி அடுப்புக்காரி, டீச்சர்."

"ஊர்ல யார் வீட்டுல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியாதா? எடுத்துட்டு வா."

எடுத்து வந்தேன். எதற்கு என்று கேட்கவில்லை, கேட்காமல் இருப்பது எனக்கு உடம்புக்கு ஆகாது என்றாலும்.

குழு வந்தது. தலைவர் எத்தியோப்பியாவைச் சேர்ந்த கர்னல் அபேரா. கூடவே அரசுத் தரப்புக் கண்காணிப்பாளர் கேப்டன் மஜக், எதிர்த்தரப்புக் கண்காணிப்பாளர் கத்குவோத். இந்த இருவரும் ஒரே ஜீப்பில் வந்தாலும் ஆளுக்கொரு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி வருவார்கள். கிழக்கு எது என்பதில்கூட அவர்களுக்குள் ஒத்துப்போகாது என்று ஓட்டுநர் என்னிடம் சொன்னான்.

மேஜர் துவைத்த சீருடையில் நின்றார். "பாத்துக்குங்க கர்னல். நாங்க இங்கேருந்து போயி மாசக்கணக்காச்சு. ஒரு கொசுகூட எங்களோடது இல்ல."

எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது, கொடிமரத்தின் பக்கத்தில் அடித்திருந்த ஒரு முளையைத் தவிர. அது அவருடைய எருதைக் கட்டும் முளை. பாயைச் சுருட்டினார், பானையை அனுப்பினார், எருதையும் அக்கரைக்கு ஓட்டினார். அந்த முளையைப் பிடுங்க மட்டும் அவருக்கு மனம் வந்ததில்லை.

அந்த எருதைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடம்பு கறுப்பு, தலை மட்டும் மீன்பருந்துபோல வெள்ளை. அந்த நிறத்துக்கு எங்களிடம் மக்குவெய் என்று பெயர். வாலிபத்தில் ஒருவன் தன் எருதின் பெயரைத் தனக்கும் வைத்துக்கொள்வான். அதனால் கூட்டாளிகளுக்கு மேஜரும் மக்குவெய்தான். தினமும் காலையில் கொடிமரத்தடியில் நின்று அதைப் புகழ்ந்து பாடுவார். பாட்டு நன்றாக இருக்கும். குரல்தான் எருதின் குரல்.

டீச்சர் சாப்பாட்டை இழுத்தடித்தார். சோளமாவில் சுட்ட கிஸ்ரா தோசையும் வெண்டைக்காய்க் குழம்பும் வந்தன. பிறகு மீன். பிறகு இஞ்சி தட்டிப் போட்ட என் டீ. வெயில் சாய்ந்தது.

"கொசு வர்ற நேரம்," என்ற டீச்சர், கொடிமரத்தடியில் சாணியைக் குவித்துப் பற்றவைத்தார்.

வெண்புகை ஆற்றுப்பக்கமாகத் தவழ்ந்தது. கர்னலிடம் பரீட்சை பற்றி ஏதோ உறுதிமொழி கொடுத்துக்கொண்டிருந்த மேஜர் பாதி வாக்கியத்தில் நின்றார்.

"டீச்சர், அணைச்சிடுங்க. கர்னலுக்குப் புகை ஒத்துக்காது."

"எனக்கு ஒண்ணுமில்ல," என்றார் கர்னல், மூன்றாவது டீயை உறிஞ்சியபடி.

எங்கள் மாடுகள் சாயங்காலம் சாணிப்புகையைத் தேடித்தான் வீடு திரும்பும். ஈயும் கொசுவும் அண்டாத இடம் அது என்று அவற்றுக்குத் தெரியும். முதலில் மணிச்சத்தம் கேட்டது. பிறகு கொம்பில் குஞ்சம் ஆட, ஆற்று நீர் சொட்டச் சொட்ட, மக்குவெய் வாசல் வழியாக நுழைந்தது. யாரையும் பார்க்கவில்லை. நேராகத் தன் முளைக்குப் போய், புகைக்குள் தலையை நீட்டிப் படுத்துக்கொண்டது.

"இது யாரோட மாடு?" என்று கேட்டார் கர்னல்.

மேஜர் ஆற்றுப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆள் இல்லாத மாடு போலிருக்கு," என்றார் டீச்சர். "நல்லதாப் போச்சு. பரீட்சை எழுத வர்ற பிள்ளைங்களுக்குக் கறிச்சோறு போட்டுடலாம்."

அரசுத் தரப்பு மஜக் எதிர்த்தரப்பு கத்குவோத்தைப் பார்த்தார். கத்குவோத் அவரைப் பார்த்தார். ஒருவர் டிங்கா இனம், ஒருவர் நூவர் இனம். ஆனால் எருதின் பெயரில் வளர்ந்தவர்கள்தான் இரண்டு பேரும். தன் எருதைத் தன்னுடையதில்லை என்று எவனும் சொல்ல மாட்டான் என்று அவர்களுக்குத் தெரியும்.

"என்னதில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடு, லுவால்," என்றார் மஜக், மெதுவாக. "எழுதிக்கறோம்."

"நானும் கையெழுத்துப் போடறேன்," என்றார் கத்குவோத்.

மேஜர் எருதைப் பார்த்தார். எருது அசைபோட்டது. போரில் மூன்று தடவை சுடப்பட்டவர் அவர். அப்போதெல்லாம் அந்த முகம் எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

"என்னோடது," என்றார்.

"எங்க தங்குது?" என்று கேட்டார் கர்னல்.

"இங்கதான்."

"நீங்க?"

"என் எருது ஒரு இடத்துல, நான் ஒரு இடத்துலயா படுப்பேன்?"

அதற்கு மேல் விசாரிக்க ஒன்றுமில்லை. பள்ளி இன்னும் படைகளின் கையில்தான் இருக்கிறது என்று கர்னல் எழுதினார். இரு தரப்பும் ஒரே பேனாவில் கையெழுத்துப் போட்டன. ஆட்கள் முகாமுக்குப் போய்ச் சேரும்வரை ஊரை விட்டு நகர மாட்டோம் என்று கர்னல் மாமரத்தடியிலேயே கூடாரம் அடித்துவிட்டார். என் வியாபாரம் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. வகுப்பறைக் கதவுகளுக்குப் புதுப் பூட்டு வந்தது, சாவி டீச்சரின் இடுப்புக்கு ஏறியது. அதற்குப் பிறகுதான் ஜீப் கிளம்பியது. கடைசி ஆளாகப் போன மேஜர், முளையைத் தன் கையாலேயே பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு போனார்.

பரீட்சை எங்கள் ஊரிலேயே நடந்தது. எட்டாம் வகுப்புப் பெண்கள் ஒருத்தி விடாமல் எழுதினார்கள்.

கொசு போகவில்லை என்று டீச்சர் இப்போதும் சாயங்காலம் புகை போடுகிறார். மக்குவெய்யும் முகாமிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்து படுத்துக்கொள்கிறது. அதை ஓட்டிப்போக ஒரு சிப்பாயை அனுப்பினால் போதும். மேஜரே வருகிறார், அதுவும் துவைத்த சீருடையில்.

வாசலில் டீச்சர் தடுப்பார். "பள்ளிக்குள்ள ஆயுதம் கூடாது, மேஜர். ஒப்பந்தத்துல இருக்கு."

மேஜர் துப்பாக்கியைக் கழற்றி என் கடையில் வைத்துவிட்டு டீச்சரோடு உள்ளே போவார். போனவர் ஒரு எருதை எழுப்ப எவ்வளவு நேரம் ஆகுமோ, அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார். டீக்கடையில் துப்பாக்கி இருப்பது ஒப்பந்த மீறலா என்று கர்னலிடம் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. இங்கிருந்து பார்த்தால் கொடிமரம் நன்றாகத் தெரிகிறது.