அடுப்பில் சூடேற்றிய பேட்டரிகள்

நான்கு பேட்டரிகளைத் தகர அடுப்பின் மேல் அடுக்கிவிட்டு, என் கணவர் நெர்செஸின் கழுத்தில் சால்வையைச் சுற்றினேன். அந்தக் குளிர்காலத்தில் யெரெவானில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் மின்சாரம். அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தீர்ந்த பேட்டரியைச் சூடேற்றினால் கொஞ்ச நேரம் உயிர் வரும். எங்கள் கட்டடமே வானொலியில் போர்ச் செய்திகளை அப்படித்தான் கேட்டது.

பக்கவாதத்தில் அவருடைய வலக்கை விழுந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நான்கு கருவிகளுக்காக அவர் அமைத்துவந்த இசையில் மூன்று பகுதிகள் தாளில் இருந்தன. நான்காவது அவர் தலைக்குள். சுரம் எழுதத் தெரிந்த மாணவர்கள் மாஸ்கோவிலோ போர்முனையிலோ இருந்தார்கள். முப்பது வருடம் அவரோடு வாழ்ந்தும் நான் அதைக் கற்கவில்லை. எங்களுக்கு இருந்தது ஒரு ஒலிப்பதிவுப் பெட்டி.

நெருப்புக் கங்கு கேட்டு வந்த பக்கத்து வீட்டு ஷூஷான் அடுப்பை எட்டிப் பார்த்தாள். "என்ன மார்கரித், இன்னிக்கு பேட்டரி வறுவலா? உப்பு போட்டியா?"

"இவ சமைச்சதுலயே இதுதான் உருப்படியா வந்திருக்கு" என்றார் நெர்செஸ். வாய்தான் கோணியிருந்தது, பேச்சு கோணவில்லை.

அவள் போனதும், சூடான பேட்டரிகளை ஒலிப்பதிவுப் பெட்டிக்குள் போட்டேன். "அமுக்கு" என்றார். ஒவ்வொரு கருவியாகப் பாடினார். "இது வயோலா... இங்க செல்லோ மட்டும், மத்தவங்க சும்மா இருக்கணும்." பாதியிலேயே நாடாச் சக்கரம் சோம்பலாகச் சுற்றுவதைப் பார்த்தேன். நிறுத்தினால் மறுபடி பாட அவருக்குத் தெம்பு இருக்குமா? பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"எல்லாம் பதிஞ்சுச்சா?"

"பதிஞ்சுச்சு, நெர்செஸ்."

ஒன்பதாம் நாள் இறந்தார்.

வசந்தத்தில் அவருடைய மாணவன் லெவோன் போர்முனையிலிருந்து திரும்பினான். மின்சாரம் இருந்த ஒரு பகலில், முழு வேகத்தில் நாடாவை ஓடவிட்டோம். முதலில் அவர் குரல்தான். போகப்போக, பேட்டரி தளர்ந்து நாடா மெதுவாக ஓடிப் பதிந்த இடங்களில், அது மெலிந்து, உயர்ந்து, விரைந்தது. லெவோன் எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான்.

"அவர் எங்க ஏத்திப் பாடினாரு, பெட்டி எங்க தளர்ந்துச்சுன்னு பிரிக்க முடியலையே, மார்கரித் அம்மா. நான் எழுதினா அது என்னோடதாத்தான் இருக்கும்."

"உத்தேசமாகூட முடியாதா?"

அவன் பென்சிலைக் கீழே வைத்தான். நாடா ஓடிக்கொண்டிருந்தது. உச்சத்தில் ஓர் இடத்தில் நெர்செஸ் மூச்சு வாங்க நிறுத்தினார். எங்கள் வீட்டுக்கு நான்கு மாடியும் ஓடி ஏறி வந்தவருடையது போல இருந்தது அந்த மூச்சு. லெவோனும் நானும் ஒரே நேரத்தில் கதவைப் பார்த்தோம்.