பன்னிரண்டு கெஜமும் ஒரு சாணும்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. ஷேர் ஆட்டோவில் கிடைத்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் நாலு பேர் பாராட்டும்போது என் சொந்தக் கற்பனை என்று சொல்லிவிடுவேன். என் குணம் எனக்குத் தெரியும்.

பட்டுச் சேலை பற்றி ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதக் காஞ்சிபுரம் போயிருந்தேன். ஐயம்பேட்டையில் ஒருவரைப் பார்த்துவிட்டு ஊருக்குள் திரும்பும்போது எனக்கு எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் ஐம்பது தாண்டியிருக்கும். ஒருவர் நெற்றியில் விபூதி, இன்னொருவர் தலையில் வலைத்தொப்பி. அப்படி ஒரு வாக்குவாதம். பாகப்பிரிவினையோ என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

"அந்தப் புள்ளி தப்புன்றேன் பாய்."

"தப்புன்னா தப்பு. ஆட்டம் முடிஞ்சி ரெண்டு மாசம் ஆயிடுச்சேப்பா. இன்னும் அதையே பேசிக்கினு இருக்கியே."

கால்பந்து! நான் இறங்க வேண்டிய இடம் எப்போதோ போய்விட்டது. அவர்கள் இறங்கிய இடத்தில் நானும் இறங்கி, வெட்கமில்லாமல் பின்னாலேயே போய், "எந்தப் புள்ளி?" என்று கேட்டேன். கட்டுரை இன்றுவரை எழுதப்படவில்லை. அந்தப் பத்திரிகை ஆசிரியர் ரொம்பப் பொறுமைசாலி, அவருக்கு என் நன்றி.

2

முதல் வரியை மூன்று தடவை எழுதினேன்.

'வேகவதி கால்பந்துக் கழகம் இந்த சீசனில் பதினேழு ஆட்டங்கள் ஆடி இரண்டில் மட்டுமே' (வேண்டாம். நாளிதழின் பதினோராம் பக்கம் மாதிரி இருக்கிறது.)

'கோபுரங்களின் நிழல் நீளும் அந்தத் தொன்மையான நகரில்' (அடச்சே.)

மூன்றாவது இது: மயில்வாகனத்துக்கு இரண்டு கவலை இருந்தது, ஒன்று இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. இதை வைத்துக்கொள்கிறேன்.

மயில்வாகனம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவர். விபூதிக்காரர் அவர்தான். வாரத்தில் ஆறு நாள் தறி, ஏழாம் நாள் வேகவதி அணி. அணி ஜெயித்தால் இரண்டு இட்லி கூடச் சாப்பிடுவார். தோற்றால் யார் பேசினாலும் "ம்" என்பார். அந்த சீசனில் நிறைய "ம்" சொன்னார்.

முதல் கவலை, அணி கடைசியிலிருந்து மூன்றாவது இடத்தில் இருந்தது. கடைசி ஆட்டத்தில் தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். இரண்டாவது கவலை, திருப்புட்குழிப் பக்கம் கட்டியிருந்த புது ஸ்டேடியம். இவர்கள் இதுவரை ஆடியது ஏரிக்கரைப் பொட்டலில். புது இடத்தில் நாற்காலியாமே, உட்கார்ந்துகொண்டு எப்படிக் கத்துவது? மேளம் அடிக்க விடுவார்களா? ஆட்டோ அங்கே வருமா? இப்படிப் புலம்பிக்கொண்டே இருப்பார். ஆனால் முதல் பிரிவில் இருக்கும் அணிக்குத்தான் அந்த ஸ்டேடியம் என்று லீக்கில் சொன்னதும், அது கைவிட்டுப் போய்விடுமோ என்று அதற்கும் தூக்கம் கெட்டது.

"புது கிரவுண்டு வந்தாலும் அழுவுறீங்க, வராட்டியும் அழுவுறீங்க. இன்னாதான் வேணும் உங்களுக்கு?" என்று கேட்டார் தையல்நாயகி. அவர் மனைவி. அதே தறியில் பக்கத்தில் உட்கார்ந்து சேலைக்குக் கரை கோர்க்கிறவர்.

(தையல்நாயகியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். கதைக்கு வேண்டிய கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்டுவிடுகிறார். படிப்பவர்கள் நான் இட்டுக்கட்டியதாக நினைப்பார்கள். சத்தியமாக அவர் அப்படித்தான் பேசுகிறார். என் வாக்கியங்களையும் ஒன்றிரண்டு இடத்தில் திருத்தினார்.)

3

கடைசி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. அதுதான் புது ஸ்டேடியத்தில் முதல் ஆட்டமும்கூட. சனிக்கிழமை மத்தியானம் பார்த்தால் காலரி தயார், நாற்காலி தயார், வலை கட்டியாயிற்று, தரையில் கோடு மட்டும் இல்லை. கோடு போடும் மெஷின் வரவில்லையாம். கழகச் செயலாளர் ரசிகர்களுக்கு போன் போட்டார். இருபது பேர் சுண்ணாம்பும் கயிறுமாக வந்து இறங்கினார்கள்.

அளவெடுத்தது அஹமது பாஷா. வலைத்தொப்பிக்காரர். ஊருக்குள் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். இரும்பு டேப்பை வைத்து ஒவ்வொரு கோட்டையும் இரண்டு தடவை அளந்தார். ஒரே ஒரு வேலை பாக்கி இருக்கும்போது அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது.

"மயிலு, மேற்குப் பக்கம் பெனால்டி புள்ளி ஒண்ணுதான் பாக்கி. கோல் கோட்டுலருந்து பன்னெண்டு கெஜம். வச்சிடு, நான் தொழுதுட்டு வந்துர்றேன்."

டேப் அவர் ஜிப்பா பையிலேயே போய்விட்டது. அதனாலென்ன, மயில்வாகனம் வீட்டிலிருந்து தன் கெஜக்கோலைக் கொண்டுவந்திருந்தார். பன்னிரண்டு தடவை வைத்தார், புள்ளியைப் போட்டார், தூர நின்று அழகு பார்த்தார்.

இந்த இடத்தில் நான் தறியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தறியில் இருக்கும்வரை சேலை இழுபட்டு விறைப்பாக நிற்கும். அறுத்து இறக்கினால் கொஞ்சம் சுருங்கும். அதனால் கெஜத்துக்கு ஒரு விரல் கூட விட்டு அளப்பது மயில்வாகனத்தின் வழக்கம்.* கோலை வைப்பார், அதன் முனையில் ஒரு விரலை ஒட்டி வைப்பார், விரலுக்கு அப்பால்தான் அடுத்த கோல். முப்பது வருஷமாக அந்தக் கை யாரையும் கேட்காமல் இதைச் செய்து வருகிறது. அன்றைக்கும் செய்தது. மண் சுருங்காது என்று கைக்கு யாரும் சொல்லவில்லை.

பன்னிரண்டு கெஜத்துக்குப் பன்னிரண்டு விரல். பன்னிரண்டு விரல் சேர்ந்தால் ஒரு சாண்.

* எல்லா நெசவாளரும் இப்படித்தான் அளப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. மயில்வாகனம் அளப்பார். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

4

ஆட்டத்தைப் பற்றி நான் நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். நேரில் பார்க்காத ஆட்டம் என்பதால் எல்லாப் பந்தும் வளைந்து வளைந்து போயிற்று. கிழித்துவிட்டேன்.

மயில்வாகனத்துக்கு அன்று நடந்ததில் பாதி ஞாபகமில்லை. நன்றி மட்டும் ஞாபகம் இருக்கிறது. மேளத்துக்குத் தடையில்லை. ஆட்டோக்காரர்கள் வாசல்வரை வந்தார்கள். நாற்காலியில் ஏறி நின்று கத்தினால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இத்தனை வருஷம் பொட்டலில் கால் கடுக்க நின்றவர்களுக்கு இப்படி ஒரு இடமா என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஏகாம்பரநாதருக்கு நன்றி சொன்னார். கட்டடம் கட்டியவர்களுக்குச் சொன்னார். பக்கத்தில் நின்ற பாஷாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "பாய், நாம இருந்து பாத்துட்டோம் பாய்" என்றார்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. டிரா போதும், வேகவதி தப்பிவிடும். எதிரணி செய்யாறு, அவர்கள் ஜெயித்தால் அவர்களுக்குக் கோப்பை. முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது செய்யாறுக்குப் பெனால்டி கிடைத்தது, மேற்குப் பக்க கோலில்.

அடிக்க வந்தவர் சத்யராஜ். இருபத்துமூன்று வயது. அந்த சீசனில் ஆறு பெனால்டி அடித்து ஆறும் கோல். இடது மூலைக்குத் தாழ்வாக அடித்தார். வேகவதி கோலி விக்னேஷ் பாய்ந்து விழுந்ததில் பந்து அவர் விரல் நுனியில் பட்டது, கம்பத்தில் பட்டது, வெளியே வந்துவிட்டது.

(ஒரு சாண் தள்ளி அடித்தால் பந்து எவ்வளவு தாமதமாகும் என்று இயற்பியல் ஆசிரியை ஒருவரிடம் கேட்டேன். கண் சிமிட்டும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்றார். அது போதுமா என்று கேட்டேன். விரல் நுனியில்தானே பட்டது என்று அவரே திருப்பிக் கேட்டார்.)

விசில் ஊதியதும் கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. மயில்வாகனமும் ஓடினார். யாரோ இடித்ததில் குப்புற விழுந்தார். ஒரு கை வந்து அவரைத் தூக்கி நிறுத்தியது. சத்யராஜின் கை. அழுது கண் சிவந்திருந்தது. மயில்வாகனத்தின் வேட்டியெல்லாம் சுண்ணாம்பு அப்பியிருப்பதைப் பார்த்து அவர் கேட்டார்.

"நீங்கதான் கோடு போட்டீங்களாண்ணா? சூப்பரா இருக்குதுண்ணா கிரவுண்டு. நான்தான் வேஸ்ட் பண்ணிட்டேன்."

அவர் அப்பால் போனதும் மயில்வாகனம் காலடியில் பார்த்தார். அவர் நின்றது அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில். அங்கிருந்து கோல் கம்பத்தைப் பார்த்ததுமே புள்ளி தள்ளிப் போயிருப்பது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. நீளத்தை வைத்துப் பிழைக்கிறவரின் கண் அது.

5

திங்கட்கிழமை காலை பாஷாவை டேப்போடு அழைத்துப் போய் அளக்கச் சொன்னார். பன்னிரண்டு கெஜம் ஒன்பது அங்குலம்.

பாஷா டேப்பைச் சுருட்டினார்.

"என் கடையில ஒரு விரக்கடை குறைச்சிக் கிழிச்சா அது குத்தம். அல்லா கேப்பான். நீ குறைக்கல, கூடத்தானே குடுத்துக்கிற? கூடக் குடுத்ததுக்கு யாரும் கேக்க மாட்டாங்கப்பா."

"யாருக்குக் குடுத்தேன் பாய்? அந்தப் பையங்கிட்டருந்து எடுத்து நம்ம கோலிக்கில்ல குடுத்துட்டேன்."

பாஷா விடவில்லை. லீக்கில் சொன்னால் ஆட்டத்தை ரத்து செய்வார்கள், மறுபடி ஆடித் தோற்றால் அணி இறங்கும், ஸ்டேடியம் போகும், ஒரு சாணுக்காக ஊரே வயிறெரியும் என்றார். எல்லாம் உண்மைதான். மயில்வாகனமும் அதையெல்லாம் யோசித்திருந்தார். அன்றே புள்ளியை அழித்துச் சரியான இடத்தில் போட்டார்கள். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி பார்க்கக் காலரியில் போய் உட்கார்ந்தால் நன்றி சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"சொல்லிடுங்க. டீம் இறங்கினா இறங்கட்டும். நீங்க இப்டி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு தறியில குந்துனா எனக்குக் கரை கோணுது" என்றார் தையல்நாயகி.

6

இங்கே நான் கதையை முடித்துப் பார்த்தேன். ஒன்றுக்கு மூன்றாக.

முடிவு ஒன்று. மயில்வாகனம் லீக் செயலாளரிடம் கடிதம் கொடுக்கிறார். செயலாளர் அவர் நேர்மையை மெச்சி (இல்லை. அப்படி ஒரு செயலாளரை நான் எங்கே போய்த் தேடுவது?)

முடிவு இரண்டு. மௌனமாக இருந்துவிடுகிறார், காலம் எல்லாவற்றையும் (இல்லவே இல்லை.)

மூன்றாவது, நிஜமாகவே நடந்தது. போன மாதம் மயில்வாகனம் செய்யாறுக்கு பஸ் ஏறினார். லீக்கில் சொல்வது அப்புறம், முதலில் அந்தப் பையனிடம் சொல்ல வேண்டும் என்பது அவர் கணக்கு. வராதே என்று சொல்லியும் பாஷா கூடவே வந்து ஜன்னலோர சீட்டைப் பிடித்துக்கொண்டார். சத்யராஜின் வீட்டில் அவர் அம்மா அங்கம்மாள்தான் இருந்தார்.

"ஓசூர் பக்கம் ஏதோ கம்பெனிக்கு வேலைக்குப் பூட்டாம்பா. பந்து ஷூவக்கூட யாருக்கோ குடுத்துட்டுப் பூட்டான். உன்னாலதான் கோப்பை போச்சின்னு நாலு பேரு சொன்னா அவனும் இன்னாதான் பண்ணுவான்? நம்பரையும் மாத்திட்டான். அவனா பேசுனாத்தான் உண்டு."

விஷயத்தைக் கேட்டதும் அங்கம்மாள் திட்டுவார் என்று இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் திட்டவில்லை. வெயிலில் வந்தவர்களுக்கு மோர் கொடுத்தார். "இத அவங்கிட்ட சொல்லுங்கப்பா. நான் சொன்னா, அம்மா சமாதானத்துக்குச் சொல்றான்னு நெனப்பான்" என்றார்.

7

கதை இவ்வளவுதான். எழுதி முடித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. பிள்ளையார்பாளையத்துக்குப் போய் மயில்வாகனத்திடம் படித்துக் காட்டினேன். ஊர் பெயரை மாற்றிவிடுகிறேன், ஆள் பெயரை மாற்றிவிடுகிறேன், கால்பந்துக்குப் பதில் கபடி என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"மாத்தாதேம்மா. எல்லாம் அப்டியே இருக்கட்டும். அவன் பேரையும் போடு. போடலன்னா அவனுக்கு எப்டித் தெரியும்?"

"லீக்ல படிச்சா உங்க டீம் இறங்கிடுமேண்ணா. ஸ்டேடியம் போயிடுமே."

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாஷாவைப் பார்த்தார்.

"போடும்மா. எம் பேரையும் போடு. டேப்ப நாந்தானே பையில போட்டுக்கினு போனேன்" என்றார் பாஷா.

ஆகவே எல்லாப் பெயரும் அப்படியே இருக்கின்றன. இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி எழுதவும் மாட்டேன். லீக்கில் பொறுப்பில் இருப்பவர் இதைப் படித்தால், கதைதானே என்று பக்கத்தைப் புரட்டலாம், அல்லது ஆட்டத்தை மறுபடி ஆடச் சொல்லலாம். அது அவர் பாடு.

உங்களிடம் எனக்கு ஒரு உதவி வேண்டும். ஓசூர் பக்கம் உங்களுக்குத் தெரிந்த இடத்தில் செய்யாற்றுக்காரர் ஒருவர் வேலை பார்க்கலாம். பந்து பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுகிறவராக இருப்பார். அவரிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். மேலே உள்ளது எதையும் அவர் படிக்க வேண்டியதில்லை. மயில்வாகனம் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்ட இந்த நாலு வரி போதும்.

"தம்பி சத்யராஜ், உன் அடி சரியான அடி. புள்ளிதான் தப்பு, ஒரு சாண் தள்ளிப் போச்சு. அத வச்சவன் நான். என்னைத் தூக்கிவுட்டியே, அதுக்கு ரொம்ப தேங்க்ஸ்பா."