காலி ஓட்டம்

“ஒருத்தர்கூட ஏற மாட்டாங்களா?”

“ஏற மாட்டாங்க. இது காலி ஓட்டம். காலை ஷிப்ட் முடிஞ்சு வண்டி டிப்போவுக்குத் திரும்புது. வழியில யார் கை காட்டினாலும் டிரைவர் நிறுத்த மாட்டார்.”

“அப்போ பஸ் முழுக்க நம்மளுதா?”

“முழுக்க நம்மளுது. எந்த ஜன்னல் வேணுமோ எடுத்துக்கோ. ரிடையர் ஆனதும் பாரு, இப்படியேதான் உன்னை நாடு நாடாக் கூட்டிட்டுப் போகப் போறேன். அவசரமே கிடையாது. எந்த ஸ்டாப்லயும் யாரும் ஏற மாட்டாங்க. நீயும் நானும்தான்.”

கல்யாணமான புதிதில் அவளும் கணவரும் பேசிக்கொண்டது இது. அன்று அவள் ஒவ்வொரு ஜன்னலாக மாறி மாறி உட்கார்ந்து பார்த்தாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். வெட்கத்தில் பின்சீட்டுக்கு ஓடிப்போனாள். அந்தப் பேச்சை அப்படியே மனசுக்குள் மடித்து வைத்துக்கொண்டாள்.

பேருந்துக் கழகத்தில் வண்டிகளுக்கு நேர அட்டவணை போடும் பிரிவில் அப்போதுதான் அவர் சேர்ந்திருந்தார். பிற்பாடு அந்தப் பிரிவுக்கே தலைவரானார். ஆள் இல்லாமல் ஓடும் வண்டி என்றாலே அவருக்கு ஆகாது. டிப்போவுக்குத் திரும்பும் வழியில் ஒரு பள்ளிக்கூடத்தையோ தொழிற்சாலையையோ கண்டுபிடித்து, எப்படியாவது வண்டியை நிரப்பிவிடுவார். அலுவலகத்தில் அவருக்கு ‘ஃபுல் லோடு’ என்று பெயர். அதைப் பட்டம் மாதிரி பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

வீட்டிலும் அதே கணக்குதான். அவள் செருப்பை மாட்டினால் போதும், “போற வழிதானே” என்று ஆரம்பித்துவிடுவார். போற வழிதானே, அப்படியே என் சட்டையை இஸ்திரிக்குக் குடுத்துடு. போற வழிதானே, அப்படியே அம்மாவுக்கு மாத்திரை வாங்கிடு. அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்தாள். வேலைக்குப் போவதும் வருவதும்கூட அவருக்குப் போற வழிதான். எதற்கும் இல்லாமல், சும்மா, கையை வீசிக்கொண்டு அவள் ஒரு தெருவில் நடந்ததே கிடையாது.

போகட்டும், ரிடையர் ஆகட்டும் என்று இருந்தாள். கண்ணுக்குள் ஒரு அறை வைத்திருந்தாள். தண்ணீர் தெரியும் ஜன்னல். யாரோ முன்பின் தெரியாதவர் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார். மேஜைமேல் இரண்டு கோப்பைகள். அவ்வளவுதான்.

இரண்டு பேரும் ரிடையர் ஆனார்கள். அவர் சாப்பாட்டு மேஜையில் உலக வரைபடத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் டீ போட்டுக் கொடுத்துவிட்டு எட்டிப் பார்த்தால், “இரு இரு, முடிச்சுட்டுச் சொல்றேன்” என்று கையால் மறைத்துக்கொண்டார். அந்த வயதில் அவர் அப்படி மறைத்தது அவளுக்கு அழகாகத்தான் இருந்தது. கூட வேலை பார்த்தவர்களிடமெல்லாம், “ஆறு மாசம், வெளிநாடு, அவசரமே இல்லாம” என்று சொல்லி வைத்தாள். “எக்ஸ்ரே அக்கா, உங்களுக்கு மச்சம்” என்றார்கள்.

விஷயம் முதலில் வெளிநாட்டில் மகனோடு இருக்கும் மருமகள் வாயிலிருந்துதான் வந்தது.

“அத்தை, ரொம்ப தேங்க்ஸ் அத்தை! நீங்க வந்து குழந்தையைப் பார்த்துக்கறீங்கன்னு மாமா சொன்னதுமே காப்பகத்துல வேண்டாம்னு சொல்லிட்டோம். அடுத்த மாசமே நான் வேலைக்குப் போறேன்.”

அப்புறம் மகள் கூப்பிட்டாள். “அம்மா, நீ பிரசவத்துக்கு முன்னாடியே வந்துடுவேன்னு அப்பா சொன்னார். சமையல் ஆளை நிறுத்திட்டேன். எனக்கு உன் கை சாப்பாடுதான் வேணும்.”

மூன்றாவதாகக் கூப்பிட்டது, வேறொரு நாட்டில் இருக்கும் அவருடைய தங்கை. நடுவில் காலி ஓட்டம் வராதபடி, தன் முழங்கால் அறுவை சிகிச்சையை இவர்கள் அங்கே போகும் தேதிக்கு மாற்றி வைத்திருந்தாள்.

“எல்லார்கிட்டயும் சொல்லியாச்சா?” என்று அவள் கேட்டாள்.

“சொல்லாம எப்படி? மூணு நாடு, மூணு வீடு. ஒரு நாள்கூட வீணாகாது, பார்த்தியா?” அவர் முகம் பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பையன் மாதிரி இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்வது? போய் அடுப்பை அணைத்தாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள், கண்ணுக்குள் இருந்த அந்த அறையைப் பார்த்தபோது மேஜைமேல் ஒரு கோப்பைதான் இருந்தது. இன்னொன்றை எப்போது எடுத்து வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

டிக்கெட் போடும் ஏஜென்சி ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி வைத்திருந்தார்கள். அங்கே வேலை பார்க்கும் பெண், அவர் சொன்னதையெல்லாம் தட்டித் தட்டிக் கணினியில் ஏற்றினாள்.

“சார், ஓட்டல் எதுவுமே போடலயே?”

“ஓட்டல் எதுக்கும்மா? போற இடமெல்லாம் நம்ம வீடு.”

“அம்மா குடுத்து வெச்சவங்க.”

“ஆமாம்மா, குடுத்தேதான் வெச்சிருக்கேன்” என்றாள் அவள். அந்தப் பெண் சிரித்தாள். அவரும் கூடச் சிரித்தார்.

“முதல் நாட்டுலேருந்து ரெண்டாவதுக்குப் போறப்போ ஒரு ஊர்ல விமானம் மாறணும் சார். அங்க எத்தனை நாள் வேணும்னாலும் தங்கிட்டுப் போகலாம், டிக்கெட் அதேதான். அழகான ஊர். பாருங்க.”

திரையைத் திருப்பினாள். பெரிய ஏரி. தண்ணீர்வரை இறங்கும் படிகள். படிக்கு மேலே ஒரு வீட்டின் ஜன்னல், திறந்து கிடந்தது.

“அங்க நமக்கு யார் இருக்கா?” என்றார் அவர்.

“யாரும் இல்ல சார். சும்மா இருக்கலாம்.”

“அட போம்மா! அது காலி ஓட்டம். சர்வீஸ் முழுக்க அதை ஒழிக்கத்தானே பாடுபட்டேன்!”

அவள் அவர் பக்கம் திரும்பினாள். “ஏங்க, நம்ம கல்யாணமான புதுசுல ஒரு பஸ்ல போனோமே. யாருமே இல்லாத பஸ். ஞாபகம் இருக்கா?”

“எந்த பஸ்?”

“டிப்போவுக்குத் திரும்பின பஸ்.”

“நான் பார்க்காத பஸ்ஸா? எதைன்னு ஞாபகம் வெச்சுக்கறது?” என்றார். பொய் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. தங்கைதான். ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணா, அண்ணி பக்கத்துல இருக்காங்களா? அண்ணி, உங்க பெரிய குக்கரை மறக்காம எடுத்துட்டு வந்துடுங்க! இங்க இருக்கறதுல வெச்சா எதுவுமே சரியா வேக மாட்டேங்குது.”

“அதெல்லாம் முதல் வேலையா பெட்டிக்குள்ள வெச்சாச்சு, நீ கவலைப்படாதே” என்றார் அவர். அவளுடைய பெட்டிக்குள்தான்.

எக்ஸ்ரே அறையில் எத்தனையோ பேரிடம் “மூச்சைப் பிடிச்சுக்கோங்க” என்று அவள் சொல்லியிருக்கிறாள். சிலர் ரொம்பப் பயந்தவர்கள். படம் எடுத்து முடித்த பிறகும், “விடுங்க” என்று இவள் சொல்கிறவரை விடவே மாட்டார்கள். இவளுக்கு அப்படிச் சொல்ல யாரும் வரவில்லை.

“அப்போ அந்த ஊர் வேண்டாம் இல்ல சார்? நேரா தங்கச்சி வீட்டுக்கே போட்டுடறேன்” என்றாள் ஏஜென்சிப் பெண்.

“அவருக்கு அப்படியே போடும்மா” என்றாள் அவள்.

அவர் போனை மூடினார். “என்னது?”

“எனக்கு அந்த ஊர்ல ஒரு ரூம் வேணும். எத்தனை நாள் விடுவாங்களோ அத்தனை நாள்.” திரையில் தெரிந்த ஜன்னலைக் காட்டினாள். “பேரனைப் பார்த்துட்டு நான் அங்க போயிடறேன். மக பிரசவத்துக்குச் சரியா வந்துடுவேன். நடுவுல உங்க தங்கச்சி முட்டியை நீங்க பார்த்துக்கோங்க. குக்கரையும் எடுத்துட்டுப் போங்க, போற வழிதானே.”

“ஏய், என்ன பேசற நீ?”

அவள் அவரைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

“ரூம்ல அடுப்பு இருக்கக் கூடாதும்மா. தண்ணி தெரியற ஜன்னல் இருக்கணும். கட்டில் ஒண்ணு போதும்.”