தெரிந்த பெயர்

ஊர் முக்கில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் போர்டில் முத்திருளன் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் தோள்மேல் நான்கு விரல்கள் கிடந்தன. தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழுக்கு மனுக் கொடுத்துவிட்டு பஸ்ஸை விட்டு இறங்கிய அன்னக்கொடியின் கண்ணில் முதலில் பட்டது அந்த விரல்கள்தான். அது எந்தப் படம் என்று அவளுக்குத் தெரியும். போன வருஷம் வண்டிக்கு எஃப்.சி. எடுத்த அன்றைக்கு, சிம்மக்கல்லில் சேக் இஸ்மாயில் கடை வாசலில் நின்று இரண்டு பேரும் சேர்ந்து எடுத்துக்கொண்டது. போர்டு அடித்தவர்கள் இஸ்மாயிலை வெட்டிவிட்டார்கள். புருஷனின் தோளில் கிடந்த கையைத்தான் முழுசாக எடுக்க முடியவில்லை போலிருக்கிறது. படத்துக்குக் கீழே ‘மதம் காக்க உயிர் நீத்த மாவீரன்’ என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. அவள் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாள். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். இந்த மரியாதையும் புதுசு.

முத்திருளன் குட்டியானை லோடு வண்டி ஓட்டியவன். இஸ்மாயிலின் கயிறு, தார்ப்பாய்க் கடையிலிருந்து சரக்கேற்றி, செக்கானூரணி, உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்க் கடைகளில் இறக்கிவிட்டு வருவது பத்தொன்பது வருஷமாக அவன் வேலை. ஒருத்தரை ஒருத்தர் மாப்ள என்றுதான் கூப்பிடுவார்கள். சாமி விஷயத்தில் முத்திருளன் கறார். ஆடி அமாவாசைக்கு அழகர்கோவில் போய்ப் பதினெட்டாம்படிக் கருப்பு வாசலில் விழுந்து எழாமல் வண்டியைத் தொடமாட்டான். சில வருஷம் இஸ்மாயிலும் கூட வருவான். மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, இவர்கள் கும்பிட்டு வரும்வரை குரங்குகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். திரும்பும்போது கோயில் தோசையில் ஒன்றை வீட்டுக்கு வாங்கிப் போவான். அவன் மனைவி அமீருன்னிசா அதைத் துண்டு துண்டாக்கிச் சட்டியில் சுடவைத்து மகன் அமீனுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் கொடுப்பாள். இதையெல்லாம் யாரும் பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், கடைக்குப் பின்தெருவில் இருந்த பள்ளிவாசல் முன்னால் ஒரு ஊர்வலம் பத்து நிமிஷம் நின்றது. நிற்கக் கூடாது என்று பேச்சு. தொழுகை முடிகிற நேரம். மேளத்தை நிறுத்து என்று உள்ளிருந்து சிலர் வந்தார்கள். எங்கள் சாமி, எங்கள் தெரு என்று வெளியே சிலர் கத்தினார்கள். முதல் கல் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று இன்றைக்கும் இரண்டு கதை உண்டு. அன்னக்கொடிக்குத் தெரிந்தது ஒரு போன் மட்டும். அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது புருஷன் கூப்பிட்டான்.

“இங்க ஒரே கலாட்டாவா கெடக்கு. இஸ்மாயிலு பள்ளிக்குப் போயிருக்கான். அமீன உள்ள உக்கார வச்சு ஷட்டர இறக்கிட்டேன். வாசல்லதான் நிக்கிறேன். நீ பயப்படாத, வாரேன்.”

நாற்பது விநாடிப் பேச்சு. அரை மணி நேரம் கழித்து அதே நம்பரிலிருந்து இஸ்மாயில் கூப்பிட்டான். பேச முடியாமல் அழுதான். கல் முத்திருளனின் நெற்றிப்பொட்டில் பட்டிருந்தது. ஆட்டோவில் மடியில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவனும் அவன்தான். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பிணவறையிலிருந்து உடம்பை வாங்கும்போதே, கழுத்தில் துண்டு போட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். அன்னக்கொடிக்கு அவர்களில் ஒருவரையும் தெரியாது. ஆனால் வண்டி பிடித்தது, பந்தல் போட்டது, மூன்று நாள் வந்த சனத்துக்குச் சோறாக்கிப் போட்டது எல்லாம் அவர்கள்தான். மகன் அழகுபாண்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுததும் அவர்கள்தான். இஸ்மாயில் வரவில்லை. வருவார், வருவார் என்று அழகுபாண்டி வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்ததை அவள் கவனித்தாள். பாடையைத் தூக்கியபோதும் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அழகுபாண்டிக்கு இருபத்தைந்து வயது. கப்பலூரில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். கோயிலுக்கு வாடா என்றால், நீங்க போங்க என்று போனைப் பார்த்துக்கொண்டு படுத்துக்கிடப்பவன். கருமாதி முடிந்த மறுநாள், அந்த ஆட்கள் கட்டியிருந்ததைப் போல அவன் மணிக்கட்டிலும் கனமான ஒரு கயிறு இருந்தது. வேலைக்குப் போகவில்லை. காலையில் யாராவது பைக்கில் வந்து கூட்டிப்போனால் சாயங்காலம்தான் திரும்பினான். பசித்துச் சாப்பிட்டான். அப்பா செத்த பிறகு அப்போதுதான் பசித்துச் சாப்பிட்டான் என்பதால் அவளும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

போர்டைப் பார்த்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்தபோது, டைப் அடித்த ஒரு தாளை நீட்டினான்.

“இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா. புகாரு. பேரு இல்லாம இருந்தா போலீஸ்காரங்க கேஸ மூடிருவாங்களாம்.”

அன்னக்கொடி எட்டாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஐந்து பெயர். மூன்றாவது பெயர் அல் அமீன், த/பெ சேக் இஸ்மாயில்.

“அமீன் பேரு எதுக்குடா இதுல?”

அவன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினான்.

“அவன் ஷட்டருக்குள்ள இருந்தான். ஒங்கப்பா போன்ல எங்கிட்டச் சொன்னாரு. அவனக் காப்பாத்த நின்னுதானடா அவரு செத்தாரு.”

“கல்லு தானா வந்து விழுகலம்மா. எவனோ எறிஞ்சிருக்கான்ல.”

“எவனோன்னா எவனோன்னு எழுது.”

“நம்ம வீட்டுல பந்தல் போட்டவங்கதான் அஞ்சு பேரு வேணும்னாங்க. நாலு பேரு அவங்களே சொன்னாங்க. என்னையும் ஒரு பேரு சொல்லச் சொன்னாங்க.” தாளை மடித்துக்கொண்டே சொன்னான். “அந்தத் தெருவுல எனக்குத் தெரிஞ்ச பேரு அது ஒண்ணுதான்.”

அவள் கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் அவனே போட்டுக் கொடுத்தான். அதற்கடுத்த நாள் விடிந்ததும் அல் அமீனைப் போலீஸ்காரர்கள் கூட்டிப்போய்விட்டார்கள் என்று, பக்கத்து வீட்டு ரோகிணி போனில் வந்த செய்தியைக் காட்டினாள். படத்தில் துணி போட்டு முகத்தை மூடியிருந்தார்கள். செருப்பில்லாத காலைப் பார்த்து, அமீன்தான் என்று அன்னக்கொடிக்குத் தெரிந்தது. சின்ன வயதில் டயர் ஏறி நசுங்கிய கட்டைவிரல்.

டவுன் பஸ் பிடித்து ஸ்டேஷனுக்குப் போனாள். தனியாக அவள் ஏறிய முதல் போலீஸ் ஸ்டேஷன் அது. இன்ஸ்பெக்டர் உட்காரச் சொன்னார். போனில் புருஷன் சொன்னதைச் சொன்னாள். ஒருத்தர் எழுதிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் கெட்டவராகத் தெரியவில்லை. களைத்திருந்தார்.

“ஒங்க வீட்டுக்காரர் போன் பேசுனதுக்கு அப்புறம் அந்தப் பையன் வெளிய வந்திருக்கலாம்லம்மா. நேர்ல பாத்தேன்னு ஒங்க மகன் எழுதிக் கொடுத்திருக்கான்.”

“அவன் அன்னைக்குக் கப்பலூர்ல டூட்டியில இருந்தான் சார்.”

அவர் புகார்த் தாளை மடித்து ஃபைலுக்குள் வைத்தார். “அத அவன் வந்து சொன்னாத்தான் எங்களுக்கும் நல்லது. வெளிய ரெண்டு பக்கமும் எப்படி நிக்கிறாங்கன்னு பாத்தீங்கள்ல. நீங்க கூட்டிட்டு வாங்க.”

வாசல் வேப்பமரத்தடியில் அமீருன்னிசா உட்கார்ந்திருந்தாள். மடியில் டிபன் கேரியர். உள்ளே வாங்கமாட்டேன் என்றிருக்கிறார்கள். அன்னக்கொடி பக்கத்தில் போய் நின்றாள்.

“மதினி.”

அமீருன்னிசா நிமிரவில்லை. “காயிதத்துல ஒங்க மகன் பேரு இருக்கு அன்னம்.”

“நான் உள்ள எல்லாத்தையும் சொல்லிட்டேன் மதினி. எழுதிக்கிட்டாக.”

“நேத்தே வந்து சொல்லியிருக்கலாம்ல.”

 மகன் கையெழுத்துப் போட்டான் என்று தெரிந்த பிறகும், ஒரு நாள் முழுக்க அன்னக்கொடி வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவன் மனசு மாறிவிடுவான் என்று. அவனைக் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்காது என்று.

“சாவுக்கு அமீனோட அத்தா வந்தாக, தெரியுமா?” என்றாள் அமீருன்னிசா. “செக்கானூரணி வரைக்கும் வந்தாக, கையில மாலையோட. துண்டு போட்ட ஆளுக மடக்கி, ஊருக்குள்ள வந்தா உசுரோட திரும்பிப் போகமாட்டன்னுட்டாக. மாலையை அங்கனக்குள்ளயே ஒரு மரத்துல மாட்டிட்டு வந்தாக. அதோட வீட்டுக்குள்ள படுத்தவுகதான். எங்காளுக மட்டும் ஒழுங்கா? ஒங்க வீட்டுக்காரரு வண்டியிலதான் கல்லு வந்துச்சுன்னு நாலு பயலுக போன்ல போட்டுவிட்டானுக. இல்லப்பா, அவன் என் மகனுக்காக நின்னவன்னு ஜமாத்துல எந்திரிச்சுச் சொல்லுங்கன்னு எம்புட்டோ சொன்னேன். தலையக் குனிஞ்சு உக்காந்துட்டு வந்துட்டாக. பயம். நீயும் பயந்த, அவுகளும் பயந்தாக. எம்புள்ள உள்ள இருக்கான்.”

கேரியரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டடி நடந்து திரும்பினாள்.

“ஒங்க மகன ஒரு வார்த்தை மாத்திச் சொல்லச் சொல்லு அன்னம். ஒரே ஒரு வார்த்தை.”

மூன்று நாள் அழகுபாண்டியோடு பேசிப் பார்த்தாள். இஸ்மாயில் மாலையோடு வந்ததைச் சொன்னாள். அவன் முகம் ஒரு கணம் கலங்கியது. பிறகு, இப்ப வந்து இப்படித்தான் சொல்லுவாங்க என்றான். பேசப் பேச அவன் வாயில் அவனுடையது அல்லாத சொற்கள் வந்தன. நாலாம் நாள், அவளுக்குத் தெரிந்த கடைசி வழியைச் சொன்னாள்.

“அழகர்கோவிலுக்கு வா. கருப்பு முன்னால நின்னு, அமீன்தான் எறிஞ்சான்னு சத்தியம் பண்ணு. நான் அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல.”

பண்ணமாட்டான் என்று அவளுக்கு உறுதி. அந்த வாசலில் பொய் சொன்னவன் வீடு விளங்காது என்று அவள் பகுதியில் கைக்குழந்தைக்கும் தெரியும். நிலத்தகராறும் திருட்டும் அங்கே போய் நின்றதும் உடைந்துபோவதை அவளே பார்த்திருக்கிறாள். மகன் வழியிலேயே பைக்கை நிறுத்திவிடுவான், அழுவான், அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எண்ணியிருந்தாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, “வாரேன், கெளம்பு” என்றான்.

ஊரைத் தாண்டி அழகர்கோவில் ரோட்டில் போகும்போது மலை தெரிந்தது. அவன் வேகத்தைக் குறைக்கவில்லை. கருப்பு என்று கும்பிடும் சாத்திய பெரிய கதவுகளில் சந்தனம் தடவி மாலை போட்டிருந்தது. பக்கத்தில் அரிவாள்கள் நின்றன. மொட்டை போட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு குடும்பம் கும்பிட்டு நகர்ந்தது. பூசாரியிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் அழகுபாண்டியை ஏற இறங்கப் பார்த்தார்.

“யோசிச்சுக்க தம்பி. இங்க வெளையாட்டு இல்ல.”

படியில் கற்பூரத்தைக் கொளுத்தினார். அன்னக்கொடி கைகூப்பி நின்றாள். அவனை நிறுத்து அய்யா, அவன் நாக்கைக் கட்டு என்று கேட்டாள். அழகுபாண்டி குனிந்தான். எரிகிற கற்பூரத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினான்.

“எங்கப்பாவ அல் அமீன்தான் கல்லால எறிஞ்சான். சத்தியம்.”

குரல் நடுங்கவில்லை. நெருப்பு அணைந்து, அவன் விரலிடுக்கில் கொஞ்சம் புகை வந்தது. கதவு சும்மா இருந்தது. பூசாரி திருநீற்றுத் தட்டை நீட்டினார். அவன் எடுத்துப் பூசிக்கொண்டான்.

 பைக் நிறுத்திய இடத்துக்கு வந்ததும் அன்னக்கொடி ஒரு கல்லில் உட்கார்ந்தாள்.

“பொய்ச் சத்தியம்டா அது. பாவி. தெரிஞ்சே பண்ணிட்டயே.”

“அப்பா இருபது வருசமா இங்க வந்து விழுந்தாரு” என்றான் அழகுபாண்டி. கன்றிச் சிவந்திருந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அன்னைக்கு ஒரு கல்லத் தடுத்துச்சா இது? என்னைய மட்டும் வந்து என்ன பண்ணிரப் போகுது? அங்க ஒண்ணுமே இல்லம்மா.”

“அப்ப யாருக்காகடா இம்புட்டும்? அந்தக் கயிறு எதுக்கு?”

அவன் வாயைத் திறந்தான். உதடு கோணியது. சின்னப் பிள்ளையில் அழுவதற்கு முன்னால் அப்படித்தான் கோணும். ஆனால் அழவில்லை. “இத அவுத்துப் போட்டா எனக்கு யாரும்மா இருக்கா” என்றான். சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினான்.

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.  அவன் நம்பவில்லை, சரி. அவள் நம்புகிறாள். அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது பொய்யைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது என்று பிறந்ததிலிருந்து நம்புகிறாள். இவனை இழுத்துக்கொண்டுபோய் அதற்கு முன்னால் நிறுத்தியதும் அவள்தான். அமீனை விடுவிக்கச் சொல்லிக் கேட்கப் போன அதே வாயால், இவனைத் தொட்டுவிடாதே, இவனைத் தொட்டுவிடாதே என்று இப்போது முனகிக்கொண்டே வந்தாள். இரண்டையும் சேர்த்து எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. தன் மகனுக்காக இந்நேரம் தொழுகைப்பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் அமீருன்னிசா என்ன கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்தபோது உடம்பு கூசியது. அழகுபாண்டி ஹெல்மெட் போடவில்லை. எதிரே மணல் லாரி ஒன்று விளக்கைப் போட்டபடி வந்தது. அவன் ஒதுங்காமல் போனான். அன்னக்கொடி ஒரு கையால் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையை உயர்த்தி, விரல்களை அகல விரித்து, அவன் தலைக்கு மேல் பிடித்தாள். லாரி கடந்து போயிற்று. வெயிலில் தோள்பட்டை வலித்தது. கையை இறக்காமல் அப்படியே வந்தாள்.