சீமாட்டியின் இடது காது

1

பாரிஸை ஒட்டிய மோந்த்ரேய் பழம்பொருள் சந்தையில் மழைக்கு ஒதுங்கியபோது ஒரு பிளாஸ்டர் கழுதைப்புலிச் சிலையைப் பார்த்தேன். இடது காதை மட்டும் திருப்பி, யாரோ வருவதைக் கேட்டபடி நின்றது. பீடத்தில் பெயர் இருக்கவேண்டிய மூலை உடைந்திருந்தது. வாங்காமல் வந்துவிட்டேன். அந்த உறுத்தல்தான் இந்தக் கதை, கண்ணுகளா. மற்றதெல்லாம் நானாகச் சேர்த்தது.

2

1861இல் பாரிஸில் லெயொகாதி என்றொரு பேரழகி... வேண்டாம். அழகியென்றால் பேச்சுத்துணைக்கு யாராவது வந்திருப்பார்கள். (ஒரு தங்கையை எழுதிப் பார்த்தேன். இரண்டே பக்கத்தில் கோபித்துக்கொண்டு போய்விட்டாள்.)

லெயொகாதி சிற்பி. தினமும் காலையில் விலங்குக்காட்சிச் சாலையின் கடைசிக் கூண்டுமுன் களிமண்ணோடு உட்கார்வாள். உள்ளே ஒரு கிழக் கழுதைப்புலி. கூண்டுக்காரர் ஆன்செல்ம் அதற்கு வைத்த பெயர், சீமாட்டி.

"வந்தாச்சா? எங்கிட்டயெல்லாம் ஒரு வார்த்தை பேச மாட்டே. அவகிட்ட மட்டும் மணிக்கணக்கா!"

"அவ குறுக்கப் பேச மாட்டா அண்ணே."

"உன் காலடி கேட்டாத்தான் அவ காது திரும்புது. சோறு போடுறவன் நான். நன்றிகெட்ட கழுதை!"

3

களிமண்ணில் செய்த சீமாட்டியைப் பிளாஸ்டரில் வார்த்து, அந்தச் சிலையைக் கண்காட்சிக்குக் கொண்டுபோனாள். நடுவர் சுற்றிச்சுற்றிப் பார்த்தார்.

"பொம்பளை கையில இவ்ளோ உயிர் வராதும்மா. செத்த மிருகத்துமேல பிளாஸ்டரை ஊத்தி அச்செடுத்திருக்கே."

"அது உயிரோட இருக்குங்க. வியாழக்கிழமை வந்து பாருங்க."

புதன்கிழமை சீமாட்டி செத்துப்போனது.

நடுவர் விடவில்லை. "அப்ப அந்த உடம்புலயே அச்செடு. பக்கத்துல வச்சுப் பாக்குறேன். ரெண்டும் வேறன்னா உன் பேரு நிக்கும்."

4

கூண்டை நோக்கிப் போகையில் பழக்கத்தில் காலை அழுத்தி வைத்து நடந்தாள். காது திரும்பவில்லை.

ஆன்செல்ம் பிளாஸ்டரைக் கரைத்து வாளியை நீட்டினார். "செத்த உடம்பு சரிஞ்சு கிடக்கு. உன் சிலை நிக்குது, கேக்குது. குருடனுக்கும் வித்தியாசம் தெரியும். ஊத்தும்மா."

"முகத்துலயுமா?"

"முகத்துலதான். எண்ணெய் தடவினாலும் முடி பிச்சுக்கிட்டு வரும்... அதுக்கு வலிக்காது."

5

ஊற்றினாள் என்று ஒருமுறை எழுதினேன். பெயர் நின்றது, அவள் சிலையின் பக்கம் திரும்பவேயில்லை. ஊற்றவில்லை என்று மறுமுறை எழுதினேன். பொய்க்காரி என்ற பெயரோடு, பேச ஒரு கூண்டுகூட இல்லாமல்... அந்த வாக்கியம் அப்படியே நிற்கிறது.

கரைத்த பிளாஸ்டர் கால்மணி நேரம்தான் தாங்கும். நான் பேசிய பேச்சில் பாதி போய்விட்டது.

"சீக்கிரம்மா, இறுகுது!" என்கிறார் ஆன்செல்ம்.

என்னால் முடிவெடுக்க முடியவில்லை. வாளியைப் பிடியுங்கள், செல்லங்களே. இரண்டு கையாலும்.